நாலாம் நாளுக்கு இரட்டைக் கோடு

செபாஸ்தியம்மாள் விரல்களை மடக்குகிறாள். நோயாளிக்கு ஒன்று, வயதுக்கு ஒன்று, மருந்துக்கு ஒன்று, காய்ச்சலுக்கு ஒன்று. நான்கு விரல் மடங்கினால் அட்டவணைக்கு நான்கு பத்தி. அப்புறம்தான் கீபோர்டில் கை வைப்பாள்.

திண்டுக்கல்லில் ஒரு பூட்டுக்கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது சார்லஸின் கம்ப்யூட்டர் அலுவலகம். சென்னைக் கம்பெனி ஒன்று அனுப்பும் வெளிநாட்டு மருத்துவ இதழ்களை அங்கே பக்கம் கோக்கிறார்கள். அட்டவணை வந்தால் அது செபாஸ்தியம்மாளுக்கு. மவுஸைப் பிடித்துக் கோடு இழுக்கிற வேலை அல்ல. எல்லாமே குறிகள். பத்திக்கும் பத்திக்கும் நடுவில் ‘&’ என்கிற ‘அண்ட்’ குறி தட்ட வேண்டும். வரி முடிந்தால் இரண்டு சாய்கோடு. குறுக்கே கோடு ஓட வேண்டுமானால் ‘ஹெச்லைன்’ என்று ஒரு சொல். அதையே அடுத்தடுத்து இரண்டு தடவை தட்டினால் இரட்டைக் கோடு.

எட்டாவதோடு படிப்பு நின்றுவிட்டது. மருந்துப் பெயர்களை எழுத்தெழுத்தாகப் பார்த்துத்தான் அடிக்கிறாள், என்ன ஏது என்று யாரிடமும் கேட்பதில்லை. ஆனால் திரையில் ஓர் எண் மயிரிழை விலகி நின்றாலும் அவள் கழுத்து அந்தப் பக்கம் சாய்ந்துவிடும்.

“அக்கா, என் டேபிள் மாடிப்படி மாதிரி எறங்கிப் போகுது” என்பாள் பக்கத்து இருக்கை நான்சி.

“எங்கியோ ஒரு அண்டை முழுங்கிட்ட. காலையில சாப்டியா இல்லியாடி?”

சாப்பாட்டு டப்பாவில் வெஞ்சனம் சோற்றைத் தொடக் கூடாது அவளுக்கு. நடுவில் வாழையிலைத் துண்டு செருகிக் கொண்டு வருவாள். நெடுக்குக் கோடுகளோ அறவே பிடிக்காது. “ஆட்டுப்பட்டி மாதிரி எதுக்கு அடைக்கணும்? செத்த எடம் விட்டா அதுவா பிரிஞ்சு நிக்கும்ல” என்பாள். அவள் குரல் எழும்பி நான்சி கேட்டதில்லை.

2003 ஆவணியில் பாக்கியராஜ் வந்தார். வெங்காய மண்டிக்காரர், அவர் ஊர்க் கோயிலில் விழாக் கமிட்டித் தலைவர். மாதா திருவிழா நோட்டீஸை சார்லஸிடம்தான் கொடுப்பார். திருவிழாவுக்கு முந்தைய நவநாள் ஒன்பதுக்கும் அட்டவணை: நாள், பூசை நேரம், மறையுரை, சிறப்பிப்போர். நாளுக்கொரு தெரு பூசைச் செலவை ஏற்றுச் சிறப்பிக்கும். கிழக்குத் தெருவுக்கு மட்டும் என்றைக்குமே நாள் கிடையாது. சப்பரமும் அந்தப் பக்கம் திரும்பாது. புதிதாக வந்த பங்குச் சாமியார் அந்த வருஷம் பிடிவாதமாக நின்று, நாலாம் நாளைக் கிழக்குத் தெருவுக்கு வாங்கிக் கொடுத்திருந்தார்.

“சாமி சேக்கச் சொல்லிட்டாரு, சேத்தாச்சு” என்றார் பாக்கியராஜ், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு. “ஆனா தாயி, நாலாம் நாளுக்கு மேலயும் கீழயும் மட்டும் ரெட்டைக் கோடு ஓட்டிரு. பாத்தா தனியாத் தெரியணும்.”

செபாஸ்தியம்மாள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. விரல் மடக்கினாள், தட்டினாள். கொஞ்ச நேரத்தில் திரையை அவர் பக்கம் திருப்பினாள். ஒன்பது நாளுக்கும் மேலும் கீழும் இரட்டைக் கோடு.

“என்னம்மா இது, ஏணி மாதிரி?”

“ஒருத்தருக்குப் போட்டா எல்லாருக்கும் போடணும்ணே.”

“வெளையாடாத தாயி. மத்ததை எடுத்துட்டு அதை மட்டும் விடு.”

அவள் கீபோர்டை இரண்டு கையாலும் தூக்கி அவர் முன்னால் வைத்தாள்.

“நீங்களே எடுங்கண்ணே. எங்க தெருவ எங் கையால ஒதுக்கி வைக்க ஏலாது.”

நான்சியின் கீபோர்டுச் சத்தம் நின்றது.

“நீ கெழக்குத் தெருவா? யாரு மக?”

“கொத்தனார் சூசை மக. மேட்டுப்பட்டியில கட்டிக் குடுத்தாக.”

பாக்கியராஜ் சார்லஸைப் பார்த்தார். “என்னப்பா, ஒங்க ஆபீஸ்ல இப்பிடித்தான் பேசுவாகளா?”

கைமாறிப் போய்விடக்கூடிய நோட்டீஸ் வேலை அது. வருஷா வருஷம் வருவது. சார்லஸ் செபாஸ்தியம்மாளைப் பார்த்தான். அவள் கைகள் மடியில் இருந்தன.

“அது சரியாத்தான் சொல்லுதுண்ணே” என்றான் மெதுவாக. “அச்சுக்குப் போறதுக்கு முந்தி ஒரு தடவ பாக்கணும்னு சாமி போன்ல சொல்லியிருக்காரு. கோடு எதுக்குன்னு கேட்டா நான் ஒங்களத்தான் கை காட்டுவேன்.”

பாக்கியராஜ் துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். குறிகள் நிறைந்த கீபோர்டை ஒருமுறை பார்த்தார். ஒரு விரலால் அதை அவள் பக்கம் தள்ளினார்.

“கோடே வேணாம். எல்லாத்தையும் எடுத்துட்டு அடிச்சுக் குடு.”

எடுத்தாள். கிழக்குத் தெரு மூன்றாம் நாளுக்கும் ஐந்தாம் நாளுக்கும் நடுவில் போய் நின்றது. தாள் சூடாக வெளியே வந்தது.

ஊரில் அவள் அப்பா பாக்கியராஜ் வீட்டுக்கு எதைக் கொண்டு போனாலும் படியில் வைத்துவிட்டு விலகி நிற்பார். மேசையில் தாளை வைக்க இடம் இருந்தது. செபாஸ்தியம்மாள் அங்கே வைக்கவில்லை. உட்கார்ந்தபடியே அவர் கைக்கு நேராக நீட்டி, அவர் வாங்கும் வரை பிடித்திருந்தாள்.