பதினோராவது இணைப்பு

பேய், ஆவி என்று யாராவது பேச்சை ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுகிற ஆள் நான். பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் பாடம் நடத்துகிறவள் வேறு எப்படி இருப்பாள்? அதனால் இதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபமில்லை.

எல்லார் கையிலும் செல்போன் வராத காலம். கோச்சடையில் எங்கள் குடியிருப்போர் சங்கம் தெருப் பிள்ளைகளுக்காகக் கம்ப்யூட்டர் அறை ஒன்று திறக்க நினைத்து, மொத்த வேலையையும் என் தலையில் கட்டியது. பத்து இருக்கை. ஒவ்வொன்றிலும் ஒரு திரை, கீபோர்டு, சின்னப் பெட்டி, அவ்வளவுதான். மூளை முழுக்க மூலையில் இருந்த இரண்டு சர்வர்களில். ஒன்று படுத்துவிட்டால் மற்றது வேலையை ஏற்றுக்கொள்ளும். மறுநாள் திறப்பு விழா, பந்தல்கூடப் போட்டாகிவிட்டது, சர்வரில் பார்த்தால் பத்துக்குப் பதிலாகப் பதினோரு இணைப்பு காட்டுகிறது.

பதினோராவதற்கு இருக்கை எண் இல்லை, பெயர் மட்டும் இருந்தது. நித்யா. என் மகள். சோதனைக்காக அவள் பெயரில் நான்தான் ஒரு கணக்கு திறந்திருந்தேன். ஆனால் அவள் சமயநல்லூரில் அத்தை வீட்டுக்குப் போயிருந்தாள், மதியமே பஸ் ஏறித் திரும்பியிருக்க வேண்டியவள், வெயில் தாழ்ந்தும் காணோம். ஒரு கண் வாசலில், ஒரு கண் திரையில், எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று பாருங்கள்.

"பாண்டியண்ணே, வயரை எதுலயாவது மாத்திச் சொருகிட்டீங்களா?" என்று கேபிள் இழுக்க வந்தவரிடம் பாய்ந்தேன்.

"இருக்கறதே பத்து வயருதான் டீச்சர். பதினொண்ணுக்கு நான் எங்க போவேன்?"

பத்தையும் உருவச் சொன்னேன். பத்து இணைப்பும் போய்விட்டது. நித்யா மட்டும் போகவில்லை.

சர்வரிலிருந்தே நானே அதைத் துண்டித்தேன், சற்று நேரத்தில் திரும்ப வந்தது. மறுபடி துண்டித்தேன், மறுபடி வந்தது.

"விடுங்க டீச்சர், அது பாட்டுக்குக் கெடக்கட்டும்."

"நாளைக்கு ஊரே வந்து நிக்கும், பதில் நானா நீங்களா சொல்றது?" என்று எரிந்துவிழுந்து மூன்றாவது தடவையும் துண்டித்தேன். இந்தத் தடவை வெகுநேரம் வரவில்லை. ஒழிந்தது என்று நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழும்போது மெதுவாக வந்து உட்கார்ந்தது. சலித்துப்போய் அப்படியே விட்டுவிட்டேன்.

இருட்டும் நேரத்தில் நெற்றியில் கட்டோடு ஆட்டோவில் வந்து இறங்கினாள் நித்யா.

"பஸ்ஸு பள்ளத்துல எறங்கிருச்சும்மா. மூணு தடவ கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு. மூணாவது தடவ நான் போயிட்டேன்னு நெனச்சுப் பக்கத்துல இருந்த அக்கா அழுதுருச்சாம்."

நான் பாண்டியண்ணனைப் பார்த்தேன். அவர் உருவிய வயர்களை ஒவ்வொன்றாகத் திரும்பச் சொருக ஆரம்பித்தார்.

பதினோரு இணைப்போடுதான் விழா நடந்தது. சில வருடம் கழித்து அந்த அறையையே மூடிவிட்டபோது, பழைய இரும்புக்குப் போகவிருந்த இரண்டு சர்வர்களையும், ஓடுகிற நிலையிலேயே பேட்டரியோடு கே.கே. நகரில் எங்கள் புது வீட்டுக்குக் கொண்டுவந்தேன். "இந்தச் சத்தத்துல மனுசன் தூங்குறதா?" என்று என் வீட்டுக்காரர் இன்றைக்கும் கத்துகிறார். ஒன்றில் தூசி தட்டினால் மற்றது ஓடும். இரண்டையும் சேர்த்து நான் அணைத்ததே இல்லை.

நித்யா இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறாள், இரண்டு பிள்ளைகள். இதில் ஒரு வார்த்தைகூட நான் அவளிடம் சொன்னதில்லை. ஆனால் இங்கே மின்சாரம் போய், பேட்டரி தானும் தீரப்போவதாகப் பீப் பீப் என்று கத்த ஆரம்பிக்கும்போதெல்லாம் அவளிடமிருந்து போன் வரும்.

"அம்மா, அங்க கரண்டு போயிருச்சா?"