பிரெஞ்சுக்காரரோடு ஆடிய ஒரு செட்

வரவேற்புரை ஓர் ஏணி. அதில் ஏறலாம், இறங்கக்கூடாது. திருச்சிக் கல்லூரிகளின் சொற்போர் மேடைகளில் நான் கற்றது இதுதான். கற்றபடியே பேசினேன், பேசியபடியே வென்றேன். அறுபதுகளின் தொடக்கத்தில், பி.ஏ. இறுதியாண்டில், எங்கள் கல்லூரிக் கண்ணாடி அலமாரியில் நின்ற சுழற்கோப்பைகளில் பெரும்பாலானவை என் நாவால் வந்தவை. எனவே, பிரெஞ்சு டென்னிஸ் வீரர் ஒருவர் எங்கள் ஊரில் காட்சி ஆட்டம் ஆட வருகிறார், அவரைத் தமிழில் வரவேற்க ஆள் வேண்டும் என்று கண்டோன்மெண்டில் இருந்த ஒரு கிளப்பின் செயலாளர் சொல்லியனுப்பியபோது எனக்கு வியப்பு ஏற்படவில்லை. வேறு யாரை அழைத்திருக்க முடியும்?

அந்தச் செயலாளர் ஸ்ரீரங்கத்து வக்கீல். காலையில் ஒரு கோர்ட், மாலையில் ஒரு கோர்ட் என்று தம்மைத் தாமே கேலி செய்துகொள்வார். அவருக்கு என்னைவிட என் அண்ணனை நன்றாகத் தெரியும். எங்கள் தந்தை பொன்மலைப் பணிமனையில் கொதிகலன் பிரிவில் வேலை பார்த்தார். அங்கிருந்த ரயில்வே இன்ஸ்டிட்யூட் களத்தில் அண்ணன் ஆடிப் பழகி, மாவட்டப் போட்டியில் வென்றிருந்தார். அடுத்த மாதம் சென்னையில் நடக்கவிருந்த மாநிலப் போட்டிக்குப் பெயரும் கொடுத்திருந்தார். நிலையான வேலை மட்டும் இல்லை. வக்கீல் தம் கிளப்பில் மார்க்கர் வேலையை அவருக்காக வைத்திருந்தார்.

மார்க்கர் என்பவர் சம்பளம் பெற்றுக்கொண்டு உறுப்பினர்களோடு ஆடுபவர். அவர் வெல்லக்கூடாது, தோற்கிறார் என்று தெரியும்படி தோற்கவும் கூடாது. உறுப்பினரின் மட்டை எங்கே இருக்கிறதோ அங்கே பந்தை அனுப்பி, அவர் நன்றாக ஆடினார் என்று அவரையே நம்பவைக்க வேண்டும். ‘மெம்பருக்கு வலிக்காம ஆடுறது’ என்று அதற்குப் பெயர். யாரும் அவரைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. மார்க்கர் என்பதே பெயர். அந்த வேலையில் சேர்ந்தவர் எந்தப் போட்டியிலும் இறங்க முடியாது என்பது விதி. ஆகவே வேலை என்றால் சென்னை இல்லை. சென்னை என்றால் வேலை இல்லை. அண்ணன் பதில் சொல்லாமல் நாள் கடத்திக்கொண்டிருந்தார்.

உரைக்குச் செய்தி திரட்டுவதற்காகச் சைக்கிளில் காவிரிப் பாலத்தைக் கடந்து உத்தர வீதியில் வக்கீல் வீட்டுக்குப் போனேன். பிரெஞ்சுக்காரரைப் பற்றி அவர் அறிந்தவற்றையெல்லாம் சொன்னார். தெற்குப் பிரான்சில் ஒரு சிற்றூர். தந்தை களிமண் களங்களுக்கு உருளை இழுப்பவர். பையன் முதலில் பந்து பொறுக்கினான், பிறகு இளைஞர் பிரிவில் வென்றான், நாட்டுக்காக ஆடினான், பாரிசுப் பெரும்போட்டியில் இறுதிக்கு முந்தைய ஆட்டம்வரை போனான். அதன்பின் ஓர் அமெரிக்க முதலாளி காட்டிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுத் தொழில்முறைக் குழுவில் சேர்ந்தான். சேர்ந்த மறுநாளிலிருந்து பாரிசுக் களத்தில் அவனுக்கு இடமில்லை. பார்வையாளனாகத்தான் உள்ளே போகலாம். இப்போது ஊர் ஊராக, பனிச்சறுக்குக் கூடங்களிலும் கால்நடைச் சந்தைக் கொட்டகைகளிலும் பலகை விரித்து ஆடுகிறான்.

ஏன் இடமில்லை என்று கேட்டேன். வக்கீல் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சிரித்தார்.

“தளிகை பண்றவா மடியா இருக்காளோல்லியோ? விழுப்புல இருக்கறவா மேல பட்டா போச்சு. காசு வாங்காம ஆடற அமெச்சூர் மடிடா கொழந்தே. சம்பளத்துக்கு ஆடறவன் விழுப்பு. ரெண்டு பேரும் ஒரே கோர்ட்ல நிக்கப்படாது.”

விழுப்பில், அதாவது குளிக்காத தீட்டில், இருப்பவர்கள் குளித்தால் மீண்டும் மடியாகிவிடுகிறார்களே, இதற்கு எங்கே குளிப்பது என்று கேட்டேன். வாதத்தில் நான் வென்றதாகவே எண்ணினேன்.

“இதுக்குக் காவேரியும் கிடையாது, கொள்ளிடமும் கிடையாது” என்றார் அவர்.

பாலத்தில் திரும்பி வரும்போது உரை என்னுள் உருவாகிவிட்டது. பந்து பொறுக்கிய பையன் முதல் படி. ஒப்பந்தம் கடைசிப் படி. அதற்குப் பிறகு வந்த கொட்டகைகளை நான் சேர்க்கவில்லை. ஏணிக்கு மேல் நுனியும் உண்டல்லவா? ஒரு சொல்தான் இடறியது. மேடையில் ஆங்கிலச் சொல் உதிர்ப்பதில்லை என்பது என் நோன்பு. ‘புரொபஷனல்’ என்பதற்கு என்ன சொல்வது? வக்கீல் சொன்ன ‘விழுப்பு’ எங்கள் வீட்டில் புழங்குவதன்று. ‘தொழில்முறை ஆட்டக்காரர்’ என்றால் நாடகக் கம்பெனிக்காரர் என்று நினைப்பார்கள். மலிவு டிக்கெட் வாங்கிக்கொண்டு பொன்மலை ஆட்கள் திரளாக வருவார்கள் என்று எனக்குத் தெரியும். ‘தொழிலாளி’ என்று முடிவு செய்தேன்.

ஆட்டம் ஒரு ஞாயிறு மாலை. சாணம் மெழுகிய களத்தைக் காலையிலேயே உருட்டி, கோடு கிழித்து வைத்திருந்தார்கள். பிரெஞ்சுக்காரர் குனிந்து தரையைத் தொட்டு விரலை முகர்ந்து பார்த்தார். அது என்னவென்று வக்கீல் ஆங்கிலத்தில் விளக்கியதும் அவர் தலையசைத்துவிட்டு விரலைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். உயரமானவர், முன்தலை வழுக்கை, முழங்காலில் பட்டைத் துணி சுற்றியிருந்தார். அவருக்கு எதிராக ஆட வேண்டிய ஆஸ்திரேலியர் ரயிலிலேயே வயிற்றுப்போக்கில் விழுந்து, பயணியர் விடுதியில் படுத்திருந்தார். மருத்துவர் எழக்கூடாது என்றுவிட்டார்.

நான் மேடையேறும் நேரத்தில் வக்கீல் அண்ணனைத் தேடி வந்தார். ஒரு செட் நீ ஆடு, கூட்டத்தைத் திருப்பி அனுப்ப முடியாது என்றார். அனுமதி கேட்டுச் சென்னைச் சங்கத்துக்குத் தந்தி அடித்தாலும் இனிப் பதில் வராது. அனுமதியின்றி இவரோடு ஆடினால் அடுத்த மாதப் போட்டி போய்விடும். அதையும் மறைக்காமல் சொன்னார். மார்க்கர் வேலை உன்னுடையது, அது நிச்சயம் என்றும் சொன்னார்.

அண்ணன் பிரெஞ்சுக்காரரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தம்பி பேசட்டுங்க. கேட்டுட்டுச் சொல்றேன்.”

பேசினேன். பையனைக் களத்தோரத்தில் நிறுத்தினேன், களத்துக்குள் இறக்கினேன், கொடியேந்த வைத்தேன், பாரிசு நகரைப் பார்க்க வைத்தேன். இறுதியில் குரலைத் தாழ்த்தி, “கோப்பைக்காக ஆடியவர் இன்று கூலிக்காக ஆடுகிறார், பொழுதுபோக்க ஆடுவோர் நடுவே உழைத்து ஆடுகிறார், அவர் பிரெஞ்சு நாட்டுத் தொழிலாளி!” என்றேன். பொன்மலை வரிசைகள் எழுந்து நின்றன. யாரோ வாழ்க என்றார். விசில் பறந்தது. உறுப்பினர்களின் நாற்காலிகள் மட்டும் அசையவில்லை. அந்த உரையில் இன்றும் ஒரு சொல்லை மாற்ற மாட்டேன்.

நான் இறங்கும்போது அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டுக் கேன்வாஸ் ஷூவுக்கு நாடா கட்டிக்கொண்டிருந்தார். நான் நின்றேன். அவர் நிமிராமலே பேசினார்.

“மெட்ராஸ்ல போயி ஜெயிச்சா மட்டும், இவரு மாதிரி ஒருத்தரோட ஆட விடுவானுங்களாடா?”

நான் அவர் செருப்புகளை எடுத்து ஓரமாக வைத்தேன். 

செட் நீண்டது. அண்ணனின் பந்துகள் கோட்டோரம் விழுந்தன. கூட்டம் ஒவ்வொன்றுக்கும் ஆர்ப்பரித்தது. இருவரும் சமமாகவே போனார்கள். ஐந்துக்கு ஐந்து என்று அறிவித்தபோது, மணப்பாறை முறுக்குக் கூடையோடு நின்றிருந்தவர் விற்பதை விட்டுவிட்டுக் கூடையை இறக்கிவைத்துப் பெஞ்சுமேல் ஏறி நின்றார். கடைசியில் பிரெஞ்சுக்காரர் ஏழுக்கு ஐந்து என்று வென்றார். நெட்டருகே வந்து அண்ணனின் தோளைத் தட்டி, அவர் கையைப் பிடித்துக் கூட்டத்துக்குத் தூக்கிக் காட்டினார். ஊர் முழுதும் அண்ணனைப் பார்த்துக்கொண்டிருந்தது. அண்ணனின் முகம் கழுவிவிட்ட பலகைபோல் இருந்தது.

பிறகு பிரெஞ்சுக்காரர் என்னை அழைத்து, எந்தச் சொல்லுக்கு அவ்வளவு கைதட்டல் என்று ஆங்கிலத்தில் கேட்டார். பொருளைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அந்தச் சொல்லைத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். ழகரமும் ளகரமும் அவர் நாவில் நிற்கவில்லை. ‘தொரிலாலி’ என்றார். பின் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, மறுநாள் எந்த ஊர் என்று தம் ஆளிடம் விசாரித்தார். மதுரை என்றார்கள்.

அண்ணனும் நானும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மன்னார்புரம் வழியாக வீட்டுக்கு நடந்தோம். எதிரே வந்த பொன்மலைக்காரர்கள் அண்ணனை நிறுத்திக் கைகுலுக்கினார்கள். அவர் எல்லோருக்கும் தலையசைத்தார். கூட்டம் ஓய்ந்த பிறகுதான் வாய் திறந்தார்.

“என் மட்டை எங்க இருக்கோ அங்கயே போட்டாருடா. ஒரு பந்து தப்பல.”

அண்ணன் நன்றாக ஆடியதை ஊரே பார்த்தது என்றேன்.

“எனக்கு வலிக்காம ஆடினாரு” என்றார் அண்ணன். “ரொம்ப நல்ல மார்க்கர்.”

எனக்கு வருத்தமாக இருந்தது என்று எழுதினால் பொய். எதுவுமே இல்லை. சைக்கிளின் சங்கிலி உராயும் ஓசை மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

அந்த வாரமே அண்ணன் வேலையில் சேர்ந்தார். சென்னைப் போட்டி நடந்தது; மாவட்டத்தில் அவரிடம் தோற்றவர் அங்கே இரண்டு சுற்று வென்றார் என்று கேள்விப்பட்டோம். நான் பட்டம் பெற்றேன், விரிவுரையாளன் ஆனேன், மேடைகளை விடவில்லை.

சில ஆண்டுகள் கழித்து, சம்பளத்துக்கு ஆடுவோரும் மற்றவர்களும் ஒரே களத்தில் போட்டியிடலாம் என்று உலகப் போட்டிகளின் விதி மாறியது. செய்தியை எனக்குச் சொன்னவரும் அந்த வக்கீல்தான். மடியும் விழுப்பும் ஒன்றாகிவிட்டது என்று சொல்லிவிட்டு, இம்முறை அவர் சிரிக்கவில்லை. நேரே கிளப்புக்குப் போனேன். போகும் வழியெல்லாம் சொற்களை அடுக்கிக்கொண்டே போனேன்.

அண்ணன் முன்தலையில் வழுக்கை ஏறி, முழங்காலில் பட்டைத் துணியோடு, பருத்த உறுப்பினர் ஒருவருடன் ஆடிக்கொண்டிருந்தார். பக்கம் மாறும்போது அருகே போய்ச் செய்தியைச் சொன்னேன். ஒரே வாக்கியம்தான் வந்தது.

“அப்படியா” என்றார் அண்ணன். “அந்தப் பிரெஞ்சுக்காரருக்கு இப்ப வயசாயிருக்கும்.”

எதிர்ப்பக்கத்திலிருந்து உறுப்பினர் மார்க்கர் என்று கூப்பிட்டார். அண்ணன் கோட்டுக்குத் திரும்பிப் பந்தை மேலே எறிந்து அடித்தார். அது அந்த உறுப்பினரின் மட்டை இருந்த இடத்திலேயே போய் விழுந்தது.