நாத்தனாருக்கு ஊற்றிய கஞ்சி

மலேசியாவில், காஹாங்கில் இருக்கும் என் நாத்தனாரின் ஆட்டுக்கறி பெரட்டலைச் சாப்பிட்டாலே எனக்கு நெஞ்சு எரியும். நான் போதும் என்றால், "இவ நடிக்கிறா லா" என்று எல்லோர் முன்னும் சிரிப்பார். போன தீபாவளிக்கு அவர் வீட்டில், அந்த ரோஷத்தில் வயிறு முட்டத் தின்றுவிட்டு உடனே படுத்தேன். நெஞ்சில் தீ வைத்ததுபோல் எரிந்தது. தொண்டைவரை புளித்துக்கொண்டு வந்தது.

"காத்துதான். சோடா குடி, போயிடும்" என்றார் நாத்தனார். குடித்ததும் எரிச்சல் இன்னும் ஏறியது. மாரடைப்போ என்று பயந்து கணவர் என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினார்.

சோதித்துப் பார்த்த டாக்டர், "ஹார்ட் நல்லாருக்கு. வயித்து அமிலம் மேல ஏறுது. காரத்தக் குறைங்க, சோடா வேணாம், சாப்பிட்ட உடனே படுக்காதீங்க" என்றார்.

இப்போதெல்லாம் இரவில் சீக்கிரமே, அளவாகச் சாப்பிடுகிறேன். கட்டிலின் தலைப்பக்கத்தையும் உயர்த்திவிட்டேன். ஆனால் அந்தச் சிரிப்பை மட்டும் நான் மறக்கவில்லை.

இந்தத் தீபாவளிக்கு நாத்தனார் தம்போய் ஊரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தார். எல்லோருக்கும் பெரட்டல் பரிமாறினேன். அவருக்கு மட்டும் வெறும் கஞ்சி ஊற்றினேன்.

"என்ன இது?"

"பெரட்டல் சாப்பிட்டா உங்களுக்கு நெஞ்சு எரியும், அண்ணி."

"எனக்கா? எனக்கு ஒண்ணுமில்லயே!"

"நடிக்காதீங்க லா" என்றேன், எல்லோர் முன்னும்.