கேட்டுக்கு வெளியே மூன்றாம் நாள்

என்னால் சும்மா இருக்க முடியாது. அப்படிப்பட்டவனுக்குச் சும்மா நிற்பதற்கும் காசு கொடுக்கிற தொழில் வாய்த்தது. கங்கைகொண்டானில் ஒரு கம்பெனி கேட்டுக்கு வெளியே, சேலத்தில் ஏற்றிய மூட்டைச் சரக்கோடு என் லாரி அன்று மூன்றாவது நாளாக நின்றது. முதல் நாள் காத்திருப்பு இனாம். அதற்கு மேல் நிற்கும் ஒவ்வொரு நாளுக்கும் ஹால்டிங் என்று ஒரு தொகை உண்டு. முதலாளிக்குப் பாதி, எனக்குப் பாதி. கேட்டில் கூப்பிடும்போது டிரைவர் இல்லையென்றால் அத்தனையும் ரத்து, வரிசையிலும் கடைசிக்குப் போக வேண்டும்.

லாரி நிற்பதை ஜிபிஎஸ் சொல்லிவிடும். டிரைவரும் அங்கேயே நிற்கிறானா என்று பார்க்க, லாரி ஆபீஸ்காரர்கள் என் போனிலிருந்து லைவ் லொகேஷன் அனுப்பச் சொல்வார்கள். என்னமோ நான் மூட்டைகளை விட்டுவிட்டு ஓடிப்போய்விடுவேன் என்பதுபோல.

அன்று மாலை ரயிலில் என் மகள் சென்னைக்குக் கிளம்புகிறாள். முதல் வேலை. வீடு தச்சநல்லூரில், பஸ் ஏறினால் அரை மணி நேரம். இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு வழியனுப்பப் போகாதவன் என்ன அப்பன்? இறங்குவதும் ஏறுவதும், டயரைத் தட்டிப் பார்ப்பதும், டீ குடிப்பதுமாகப் பொழுதைத் தள்ளினேன்.

"உம்ம வண்டி இன்னைக்கு உள்ள போவாது வே, நாளைக்குத்தான்" என்று செக்யூரிட்டி சொன்னதும் துணிச்சல் வந்தது. போனைச் சீட்டுக்கு அடியில் வைத்துக் கதவைப் பூட்டிவிட்டு பஸ் ஏறினேன். ஆபீஸ்காரர்களைப் பொறுத்தவரை நான் கேட்டில்தான் இருந்தேன்.

வீடு பூட்டிக் கிடந்தது.

"ஒங்களப் பாக்கத்தான் ஆத்தாளும் மவளும் பெட்டியோட ஆட்டோவுல போனாவ. நீங்க போன எடுக்கலன்னு ஒரே பொலம்பல். அங்கனருந்து நேரே ஜங்ஷனுக்குப் போயிருவாவளாம்" என்றார் பக்கத்து வீட்டு அக்கா.

ஜங்ஷன் அங்கிருந்து கூப்பிடு தூரம். பிளாட்பாரத்தில் போய் உட்கார்ந்திருந்தால் அவள் தானாக வந்திருப்பாள். ஊர் ஊராகக் கேட் வாசலில் நாள்கணக்கில் கிடந்தவனுக்கு, அந்த ஒரு மணி நேரம் காத்திருக்கத் தோன்றவில்லை. லாரியடியில் என்னைத் தேடிக்கொண்டு நிற்பாளே என்ற பதற்றத்தில் திரும்பவும் பஸ் ஏறினேன். என் புத்தியை என்ன சொல்ல.

"எங்கன போனீரு வே? உம்ம மவ இம்புட்டு நேரமும் இங்கனதான் நின்னா. போயி அரை மணி நேரம் இருக்கும்" என்றார் பின்னால் நின்ற லாரியின் டிரைவர்.

போனில் பதினொரு தவறிய அழைப்புகள். அவளைக் கூப்பிட்டேன்.

"ஜங்ஷனுக்கு வந்துட்டோம்ப்பா. ரயிலுக்கு இன்னும் ஒரு மணி நேரம் கெடக்கு. வந்திருவியளா?"

"இந்தா வாரேம்மா" என்று லாரியிலிருந்து இறங்கினேன். செக்யூரிட்டி என் வண்டி நம்பரைச் சொல்லிக் கத்தினார். முன்னால் நின்ற இரண்டு லாரிக்கும் பேப்பர் சரியில்லையாம். என்னை உள்ளே வரச் சொன்னார்.

போனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றேன். அவளுக்கும் கேட்டிருந்தது.

"வண்டி உள்ள போவுதாப்பா?"

"ஆமா."

"அப்பம் போங்க. மூணு நாளாக் கெடந்தியள்லா."

வண்டியை எடுத்தேன். எடுத்திருக்கக் கூடாது.

அந்த முறை ஹால்டிங் ஒரு ரூபாய் குறையாமல் வந்தது. என் பங்கை அப்படியே அவளுக்கு அனுப்பினேன். "இது எதுக்குப்பா?" என்று கேட்டாள். நான் காத்திருந்ததற்குக் கிடைத்த காசு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.