தலையில் தண்ணீர், பையில் பாட்டில்

போன மாதம் முழுக்க என் டூல்ஸ் பையில் ஒரே ஒரு ஸ்பேனர்தான். மீதி இடத்தில் தண்ணீர் பாட்டில்.

நான் சேத்தியாத்தோப்பில் மோட்டார் ரிப்பேர் பார்க்கிறவன். மகள் செல்வியை ஸ்ரீமுஷ்ணத்தில் கொடுத்திருக்கிறோம். ஐந்தாம் மாதம். சிதம்பரத்தில் ஸ்கேன் எடுத்தோம்.

குழந்தையின் மூளைக்குள் நீர் நிற்கிற அறை கொஞ்சம் பெரிதாக இருக்கிறதாம். பத்து மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். பதினொன்று இருந்தது. “ரத்த டெஸ்ட் எடுங்க. நாலு வாரம் கழிச்சு கடலூர்ல பெரிய ஸ்கேன் பாருங்க. இப்பவே எதுவும் முடிவு பண்ணாதீங்க” என்றார் டாக்டர்.

“ஒரு மில்லிமீட்டர்தான மாமா” என்றார் மாப்பிள்ளை. பேரிங்கில் ஒரு மில்லிமீட்டர் ஆட்டம் இருந்தால் மோட்டார் என்ன ஆகும்... எனக்குத்தானே தெரியும்?

மாப்பிள்ளை தன் வீட்டில் போய்ச் சொன்னது ஒரே வரி. “புள்ள தலையில தண்ணி ஜாஸ்தியா இருக்காம்.”

சம்பந்தியம்மா அன்றே வைத்தியத்தை ஆரம்பித்தார் — செல்விக்குத் தண்ணீர் கட். இளநீர் இல்லை. மோர் இல்லை. ரசம்கூட இல்லை. வேளைக்கு அரை டம்ளர். தண்ணீர் கேன் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் போய்விட்டது.

செல்வி போன் பண்ணினாள். “தாகமா இருக்குப்பா.”

போனேன். “டாக்டர் அப்படி சொல்லலியே சம்பந்தி” என்றேன்.

“டாக்டரா பெத்தாங்க? மூணு பெத்தவ நானு.”

சண்டை போட்டிருக்கலாம். போட்டுவிட்டு நான் கிளம்பிவிடுவேன். அவள் அங்கேதானே இருக்க வேண்டும்?

மறுநாள் பையோடு போனேன். “ஒங்க மோட்டாரு சத்தம் சரியில்ல. டார்ச் புடிக்க செல்விய அனுப்புங்க.” மோட்டார் ரூமில் நான் போல்ட்டைக் கழற்றினேன். அவள் பாட்டிலைக் காலி செய்தாள். தினமும் இதே வேலை.

“நல்லா ஓடுற மோட்டார எத்தினி வாட்டி பிரிப்பீங்க சம்பந்தி? தொழில் மறந்துபோச்சா?” என்று கேட்டார் சம்பந்தியம்மா.

“கொஞ்சம்” என்றேன்.

போன வாரம் கடலூர். ஸ்கேன் முடிந்து எல்லோரையும் உள்ளே கூப்பிட்டார்கள். இந்தத் தடவை ஒன்பதரை மில்லிமீட்டர்.

“குறைஞ்சிருக்கு. ரத்த டெஸ்ட்டும் சரியா இருக்கு. வேற கோளாறு எதுவும் தெரியல. இந்த மாதிரி குழந்தைங்க பெரும்பாலும் நல்லாவே வளருவாங்க. இருந்தாலும் எட்டாம் மாசம் ஒருவாட்டி, பொறந்ததும் ஒருவாட்டி பாத்துடணும்” என்றார் அங்கிருந்த டாக்டரம்மா.

நாலு வாரத்தில் அன்றுதான் நாற்காலியில் முதுகைச் சாய்த்தேன்.

“கொறையாம? தண்ணிய நிறுத்துனது நானாச்சே” என்றார் சம்பந்தியம்மா.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். “நிறுத்தினீங்களா? அது குழந்தை மூளையிலயே ஊறுற நீரும்மா. அம்மா குடிக்கறதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. இவங்க நல்லாத் தண்ணி குடிக்கணும். ஆனா இவங்களப் பாத்தா தண்ணி குடிக்காதவங்க மாதிரியே தெரியலியே...”

செல்வி என்னைப் பார்த்தாள். நான் அன்றைக்கும் தூக்கிவந்திருந்த பையைக் காலால் பின்னுக்குத் தள்ளினேன். காலி பாட்டில்கள் கடகடவென்றன. இந்தப் பிளாஸ்டிக்குக்கு வாயை மூடத் தெரியாதா?

சம்பந்தியம்மா பையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வெளியே வந்ததும் ஒரு இளநீர் வாங்கி மருமகள் கையில் கொடுத்தார். “குடி.”

பிறகு என் பக்கம் திரும்பினார்.

“நாளைக்கு வந்து மோட்டார பாருங்க சம்பந்தி. நீங்க பிரிச்சுப் பிரிச்சு இப்ப நெசமாவே சத்தம் வருது.”