பிரான்சிஸ் அண்ணனும் பால்குடச் சீட்டும்

பிரான்சிஸ் அண்ணன் போய்விட்டார். காலையில் அவர் மனைவி மேரி அக்காதான் போன் செய்தார்... மாரடைப்பு. இன்று பிற்பகல் அவர் ஊர் ரெங்கத்தில் அடக்கம்.

விளக்கேற்றி உட்கார்ந்தேன். பதிகம் பாதியில் நின்றுவிட்டது. எழுந்தேன், லேப்டாப்பைத் திறந்தேன், மூடினேன்.

பாசிர் கூடாங் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை அவருக்கு. ஞாயிறு தவறாமல் சர்ச். ஆனாலும் எங்கள் கோயில் வெப்சைட்டை ஜாவா கம்ப்யூட்டர் மொழியில் எழுதியது அவரும் நானும்தான். வீட்டுக் கணக்கைச் சுத்தமாக வைக்கிறவள் என்று என்னிடம் அந்த வேலையைக் கொடுத்தார்கள். ஜாவா யூடியூப் பார்த்துக் கற்றது.

"உங்க முருகன் எனக்கு ஓவர்டைம் போட்டுக் குடுப்பாரா லா?" என்பார்.

அர்ச்சனைக்கு ஒரு பக்கம், பால்குடத்துக்கு ஒரு பக்கம், அன்னதானத்துக்கு ஒரு பக்கம். பக்தர் டைப் செய்வதை வைத்துக்கொள்ள ஒவ்வொரு பக்கத்துக்கும் பின்னால் தனி பீன், ஒரு சின்ன டப்பா மாதிரி. சீட்டு பிரிண்ட் செய்யும் கோட் மட்டும் எல்லாவற்றுக்கும் பொது. அதில் அர்ச்சனை பீனையே பெயர் சொல்லிக் கூப்பிட்டு வைத்திருந்தேன்...

பங்குனி உத்திரத்தன்று பால்குடத்துக்குப் பதிந்தவர்களுக்கும் அது காலியான அர்ச்சனை பீனைப் போய்க் கேட்டது. பெயர் இல்லையென்றால் "சாமி பேருக்கு" என்று அச்சாகும். எல்லார் சீட்டிலும் அதுவே.

ஓர் அம்மா சீட்டை நீட்டினார். "ஏம்மா, என் பால்குடத்த சாமியே தூக்கிக்கிறாரா? அப்ப நான் வீட்டுக்குப் போலாமா?"

அண்ணன் சிரித்து ஓய்ந்த பிறகு சொன்னார். "முன்னால நிக்கிறவங்ககிட்டதானே பேரு கேக்கணும்? நீங்க பக்கத்து வீட்டுல போய் கேக்கச் சொல்லியிருக்கீங்க. எந்தப் பக்கம் தொறந்திருக்கோ, அதுவே தன் பீனைக் கையில குடுக்கட்டும். பொதுக் கோடுக்கு யாரு பேரும் தெரிய வேணாம்."

"எல்லாப் பக்கத்தையும் மாத்தணுமேண்ணே. பால்குடம்னா அந்த பீனைக் கேளுன்னு ஒரு கண்டிஷன் போட்டா முடிஞ்சிருமே."

"இன்னிக்கு ஒரு கண்டிஷன். தைப்பூசத்துக்கு இன்னொண்ணு. அப்புறம் கண்டிஷனுக்கே காவடி எடுப்பீங்க."

அர்ச்சனை, பால்குடம் இரண்டு பக்கங்களையும் அவரே மாற்றிவிட்டார். அன்னதானப் பக்கம் மட்டும் பாக்கி. நாளை காலை பதிவு திறக்கும் என்று எல்லாருக்கும் சொல்லியாகிவிட்டது.

இப்போது லேப்டாப்பை மறுபடி திறந்து அவர் வழியில் மாற்றிப் பார்த்தேன். சீட்டில் பெயர் வரவில்லை. மறுபடியும்... வரவில்லை. என் கண்டிஷனைப் போட்டால் உடனே வந்துவிடும். கை அங்கேதான் போகிறது.

வாசலில் வீட்டுக்காரர் காரை ஸ்டார்ட் செய்துவிட்டார். "கோட் எங்கயும் ஓடாது. அங்க பெட்டிய மூடிருவாங்க, வா."

கோயில் குழுவுக்கு மெசேஜ் போட்டேன்: அன்னதானப் பதிவு நாளை திறக்காது. கேட்க வேண்டியதை என்னிடம் கேளுங்கள்.

கிளம்பிவிட்டேன் அண்ணே... முகம் பார்க்க வருகிறேன்.