படங்கு

பத்தாந் தரப் பிள்ளைகளுக்கு, பொலிமர் எனப்படும் பல்பகுதியம் பற்றிய பாடம் நடத்தி முடித்த கையோடு, வீட்டில் இருக்கும் பல்பகுதியப் பொருள் ஒன்றை ஆளுக்கொன்றாகக் கொண்டு வரச் சொல்லியிருந்தேன். அவர்கள் கொண்டு வரும் நாளுக்கு மறுநாள் வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து ஆட்கள் வர இருந்தார்கள். விஞ்ஞான கூடத்தில் சின்னதாய் ஒரு கண்காட்சி வைக்கலாம் என்று எண்ணம்.

யோகட் கோப்பை, சொப்பிங் பேக், நைலோன் கயிறு, தேய்ந்த றப்பர் செருப்பு எல்லாம் மேசைக்கு வந்தன. கடைசியாக, மலைத்தோட்டத்திலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு பிள்ளை நாலாக மடித்த நீலப் பிளாஸ்டிக் படங்கு ஒன்றை விரித்தாள். தேயிலைக் கறை பிடித்திருந்தது. இரண்டு பேர் மூக்கைப் பொத்திச் சிரித்தார்கள்.

அவள் கூச்சப்படவில்லை. "அம்மா இத இடுப்புல கட்டிக்கிட்டுத்தான் கொழுந்து எடுப்பாங்க, டீச்சர். செடி குத்தாது, தண்ணியும் உள்ள எறங்காது" என்றவள், தண்ணீர் ஏன் இறங்காது என்பதையும் பாடத்தில் படித்தபடியே பிசகாமல் விளக்கினாள். அன்று அவ்வளவு தெளிவாகப் பேசிய பிள்ளை வேறு யாருமில்லை.

"அப்ப அம்மாவுக்கு இன்னைக்கு?" என்று கேட்டேன்.

"ரெண்டு நாளைக்குத்தானே, சாக்கு கட்டிக்கிறேன்னு சொன்னாங்க, டீச்சர்."

என் அம்மாவும் இப்படி ஒன்றைக் கட்டிக்கொண்டுதான் மலை ஏறினாள். அதை நான் அந்த வகுப்பில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கண்டிக்குப் பக்கத்தில் அம்பிட்டியவில் வாடகைக்கு வந்த நாளிலிருந்து யாரிடமும் சொன்னதில்லை.

மறுநாள் காலை அதிபர் சுற்றிப் பார்க்க வந்தார். படங்கைக் கண்டதும் முகம் மாறியது.

"என்ன டீச்சர் இது? வர்றவங்க நம்மள இன்னும் தோட்டத்து லயத்துலயே இருக்கிறதா நெனைக்கணுமா? எடுங்க இத."

அவரும் தோட்டத்தில் பிறந்தவர்தான். எனக்கு அது தெரியும். என்னைப் பற்றி அவருக்கும் தெரியும். நானே படங்கைச் சுருட்டி, கதவுக்குப் பின்னால் கிடந்த வெற்றுப் பெட்டிகளோடு வைத்தேன். அந்த இடத்தில், டொக்டர் ஒருவரின் மகள் கடையில் செய்வித்துக் கொண்டு வந்த பல்பகுதியச் சங்கிலி மாதிரியை, வெள்ளை ரெஜிபோம் நுரை உருண்டைகளைக் கோத்ததை, வைத்தோம். வந்தவர்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

பள்ளி விட்டதும் அவள் படங்கைக் கேட்டு வந்தாள். கதவுக்குப் பின்னால் ஒன்றுமில்லை. கூட்டிப் பெருக்குகிறவர் பெட்டிகளோடு சேர்த்துப் பின்பக்கம் போட்டுக் கொளுத்திவிட்டிருந்தார். ஓடிப்போய்ப் பார்த்தோம். சாம்பலுக்குள் கறுப்பாக ஒரு கட்டி, அதன் ஓரத்தில் கொஞ்சம் நீலம்.

"அம்மாகிட்ட என்ன சொல்றது, டீச்சர்?"

"நான் புதுசு வாங்கித் தர்றேம்மா" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

சனிக்கிழமை கண்டி மார்க்கெட்டில் தேடி ஒரு படங்கு வாங்கினேன். திங்கட்கிழமை கொடுத்தபோது அவள் கை நீட்டவில்லை. "வேணாம் டீச்சர். அம்மா வேற எடுத்துட்டாங்க" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு என் பாடத்தில் அவள் கை உயர்த்தியதே இல்லை.

தவணை முடிவில் பெற்றோர் கூட்டத்துக்கு அவளுடைய அம்மா வந்திருந்தார். கதிரையில் உட்காரச் சொல்லியும் உட்காராமல், மகளை இழுத்து எனக்கு முன்னால் நிறுத்தினார்.

"இவளுக்கு நீங்கதான் புத்தி சொல்லணும், டீச்சர். படங்கப் பத்திரமா கொண்டாந்துருன்னு சொல்லி அனுப்புனா, பஸ்ஸுல விட்டுட்டு வந்து நிக்கிறா. அன்னைக்கு நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டா. அப்பயும் வாயத் தொறக்கல."

பிள்ளை என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். என்னைக் காட்டிக்கொடுக்காமல் அடி வாங்கியிருக்கிறாள். அப்போதாவது நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். பக்கத்து மேசையில் அதிபர் இருந்தார்.

"சொல்றேன்" என்றேன், தேர்ச்சி அறிக்கையில் கையெழுத்திட இடத்தைக் காட்டியபடி.